எந்த அளவு டிஷ் வாங்குவது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எத்தனை அடி டிஷ் வாங்கினால் போதும்?" சாட்டிலைட் டிவி பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான். எந்த சாட்டிலைட், எந்த சேனல், உங்கள் ஊர் அதன் பீமுக்குள் (சிக்னல் தரையில் விழும் பரப்புக்குள்) எங்கே விழுகிறது, அங்கே மழை எப்படிப் பெய்யும் என்று கேட்காமல் ஒரே எண்ணில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறைய படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும். டிஷ் போதவில்லை என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. தேவையான அளவுக்கு ஒரு டிபி (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அலகு, டெசிபல்) மேலே இருந்தாலும் படம் பளிச்சென்று வரும். ஒரு டிபி கீழே இறங்கினால் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். ஆகவே வெயில் நாளில் மாட்டிப் பார்த்தால் எல்லா டிஷ்ஷும் நல்ல டிஷ்ஷாகத்தான் தெரியும். நீங்கள் பார்க்க நினைக்கும் சேனல்களிலேயே பலவீனமானது எதுவோ, அது மழை நாளில் வருகிறதா என்பதை வைத்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கணக்குதான்.

மாதச் சந்தா கட்டும் டிடிஎச் சேவை என்றால் இதெல்லாம் தேவையில்லை; நிறுவனமே தன் பீமுக்குப் பொருத்தமான டிஷ்ஷைக் கொடுத்துவிடும். இலவச சேனல்களைத் தாங்களே பிடிக்க நினைப்பவர்கள், பீமின் ஓரத்தில் குடியிருப்பவர்கள், பழைய டிஷ்ஷை மாற்றப் போகிறவர்கள், இவர்களுக்குத்தான் இது.

முதலில் சேனல், அப்புறம் டிஷ்

ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு வேண்டிய சேனல்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, அது எந்த சாட்டிலைட்டில் இருக்கிறது, அந்த சாட்டிலைட் எத்தனை டிகிரியில் நிற்கிறது, சி பேண்டா கேயூ பேண்டா (சாட்டிலைட் டிவி வரும் இரண்டு அலைவரிசைத் தொகுதிகள்), அலைவரிசை, போலரைசேஷன் (அலை அதிரும் திசை), சிம்பல் ரேட் (சிக்னல் குறிகள் வரும் வேகம்), மாடுலேஷன் (தரவை அலையில் ஏற்றும் முறை), எஃப்இசி (பிழை திருத்தும் குறியீட்டின் விகிதம்) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் சேனல் பட்டியல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. இந்த விவரம் எல்லாம் அவற்றில் ஒரே வரியில் இருக்கும்.

ஒரே சாட்டிலைட்டில் இருப்பதாலேயே எல்லா சேனலும் ஒரே பலத்தில் வராது. ஒரு சாட்டிலைட்டில் இரண்டு மூன்று பீம்கள் இருக்கலாம்; ஒன்று ஒரு கண்டத்தையே மூடும், இன்னொன்று ஒரு நாட்டின் மேல் மட்டும் குவியும். பக்கத்து வீட்டில் 2 அடி டிஷ்ஷில் அந்த சாட்டிலைட் வருகிறது என்பதால் உங்கள் சேனலும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அவர் பார்க்கும் சேனல் வேறு பீமில் இருக்கக்கூடும்.

மாடுலேஷனையும் எஃப்இசியையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டிவிபி-எஸ்2 என்னும் டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் கியூபிஎஸ்கே 3/4 (மாடுலேஷன் கியூபிஎஸ்கே, எஃப்இசி 3/4) என்று வரும் சேனலுக்கு, சிக்னல் இரைச்சலைவிட சுமார் 4 டிபி மேலே இருந்தால் போதும். அதே எஃப்இசியில் 8பிஎஸ்கே என்றால் சுமார் 8 டிபி வேண்டும். எச்டி சேனல்கள் பல 8பிஎஸ்கேயில்தான் வருகின்றன. பழைய டிஷ்ஷில் மற்ற சேனல்கள் நன்றாக வரும்போது எச்டி மட்டும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். உங்கள் பட்டியலில் எந்த வரி மிகக் கடுமையாகத் தெரிகிறதோ, அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். டிஷ் அந்த வரிக்காகத்தான்.

பீம் வரைபடத்தைப் படிப்பது

டிவி சாட்டிலைட்டுகள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துச் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் ஓர் ஊரில் எவ்வளவு பலமாக விழும் என்பதை வரைபடமாகப் போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொன்று என்று கோடுகள் விரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு கோட்டிலும் 52, 50, 48 என்று எண் இருக்கும். அது டிபிடபிள்யூ (ஒரு வாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) அளவில் சொல்லப்படும் பீமின் பலம். உங்கள் ஊர் எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே வருகிறது என்று பார்த்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேயூ பேண்டுக்கு இந்தக் கைக்கணக்கு நன்றாகவே வேலை செய்யும்: 50 டிபிடபிள்யூ என்றால் 60 செ.மீ., 48 என்றால் 75, 46 என்றால் 95, 44 என்றால் 120, 42 என்றால் 150. அதாவது 2 டிபி குறையும்போதெல்லாம் விட்டத்தைக் கால் பங்கு கூட்ட வேண்டும்.

இது ஏன் இப்படி? டிஷ் பிடிப்பது பரப்பளவால். விட்டம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்கு, அதாவது 6 டிபி கூடுதல். 60 செ.மீ.யிலிருந்து 75க்குப் போனால் கிடைப்பது சுமார் 2 டிபி, 90க்குப் போனால் மூன்றரை, 120க்குப் போனால் 6. "2 அடிக்குப் பதில் இரண்டரை அடி வாங்கியும் ஒன்றும் மாறவில்லையே" என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். 2 டிபி வந்திருக்கும். அவர்களுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 50 டிபிடபிள்யூ பீம், 60 செ.மீ. டிஷ், சாதாரணமான நல்ல எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கும் தலை), சிம்பல் ரேட் 27,500. தெளிந்த வானத்தில் சிக்னல் இரைச்சலைவிட சுமார் 13 டிபி மேலே நிற்கும். டிஷ் கச்சிதமாகத் திரும்பாதது, பக்கத்து சாட்டிலைட்டின் தொந்தரவு என்று நடைமுறையில் ஒன்றிரண்டு டிபி போய்விடும். 11 அல்லது 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8பிஎஸ்கே 3/4 சேனலுக்கு 8 வேண்டும். மிச்சம் மூன்று, நான்கு டிபி. மழைக்காக உங்கள் கையில் இருக்கும் இருப்பு இதுதான். தூறலுக்கு இது தாங்கும். கனமழைக்குத் தாங்காது.

மழைக்கு எவ்வளவு ஒதுக்குவது

கேயூ பேண்ட் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். பெரிய மழைத்துளிகள் இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். அதோடு, குளிர்ந்த வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிஷ் இப்போது வெதுவெதுப்பான மழையைப் பார்க்கிறது. அதனால் இரைச்சலும் ஏறும். ஒரே நேரத்தில் சிக்னல் இறங்கி இரைச்சல் ஏறுவதால்தான் மழை வந்ததும் படம் அவ்வளவு சீக்கிரம் போகிறது.

சாட்டிலைட் வானத்தில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பதையும் பாருங்கள். தலைக்கு நேர் மேலே இருந்தால் சிக்னல் மழை அடுக்கைக் குறுக்கே நேராகக் கடந்துவிடும். 30 டிகிரி உயரத்தில் இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு தூரம் மழைக்குள் வரவேண்டும்; 10 டிகிரி என்றால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. தாழ்வாக நிற்கும் சாட்டிலைட்டுக்கு வரைபடம் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு படி மேலே போவது நல்லது.

வெப்பமண்டலப் பகுதியில் இடியோடு கொட்டும் மழை கேயூ பேண்டில் 10 டிபிக்கு மேலேயே தின்றுவிடும். 60 செ.மீ.யை எடுத்துவிட்டு 120 வைத்தாலும் கிடைப்பது 6 டிபிதான். ஆகவே எந்த மழையிலும் போகாத படம் என்று யாராவது உறுதி சொன்னால் அது நடக்காத காரியம். பெரிய டிஷ் வைத்தால் படம் போகும் நேரம் குறையும். சிறியதில் மழை தூறத் தொடங்கி நிற்கும் வரை படம் இல்லை என்றால், பெரியதில் உச்சத்தில் அடிக்கும் சில நிமிடங்கள் மட்டும் இருக்காது. அந்த வித்தியாசத்துக்காகப் பெரிய டிஷ் வைப்பது தகும் என்பது என் கருத்து. மழை அதிகமான இடத்தில் கைக்கணக்கு 60 என்றால் 75 அல்லது 90 வாங்குங்கள், 75 என்றால் 90 அல்லது 100. மழை குறைந்த இடமானால் கணக்கு சொன்ன அளவே போதும்.

சி பேண்டுக்கு வேறு கணக்கு

சி பேண்ட் அலை சுமார் 7.5 செ.மீ. நீளம். மழை இதை அவ்வளவாகச் சீண்டாது. வெப்பமண்டல நாடுகளில் சி பேண்ட் இன்னும் விடாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு இது பெரிய காரணம். ஆனால் பீமின் பலம் கேயூவைவிடக் குறைவு. 36 முதல் 40 டிபிடபிள்யூ வரைதான் பெரும்பாலும் பார்ப்பீர்கள். 38 டிபிடபிள்யூ இருக்கும் இடத்தில் 6 அடி டிஷ் நன்றாக வேலை செய்யும். 36க்கு 8 அடி. அதற்கும் கீழே இருந்தாலோ, கடுமையான மாடுலேஷன் என்றாலோ 10 அடி வரை போக வேண்டியிருக்கும்.

பல நாடுகளில் சி பேண்டின் கீழ்ப்பகுதியை 5ஜி கைப்பேசிச் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். அருகில் 5ஜி கோபுரம் வந்த பிறகு சி பேண்ட் சேனல்கள் திடீரென்று காணாமல் போனால், பெரிய டிஷ்ஷால் பயனில்லை. கோபுரத்தின் பலமான சிக்னல் எல்என்பியைத் திணறடிக்கிறது. 5ஜி ஃபில்டர் உள்ள எல்என்பியை மாட்டுங்கள்.

பக்கத்து சாட்டிலைட் என்னும் தொந்தரவு

சிறிய டிஷ்ஷுக்கு இன்னொரு குறை உண்டு. இதைப் பலர் யோசிப்பதில்லை. டிஷ் எவ்வளவு சிறியதோ, அதன் பார்வை அவ்வளவு அகலம். கேயூ பேண்டில் 45 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 4 டிகிரி, 60க்கு 3 டிகிரி, 90க்கு 2, 120க்கு ஒன்றரை. சாட்டிலைட்டுகளோ வானத்தில் இரண்டு மூன்று டிகிரிக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கின்றன. அடுத்து நிற்கும் சாட்டிலைட் அதே அலைவரிசையில் பலமாக ஒளிபரப்பினால், சிறிய டிஷ் இரண்டையும் சேர்த்தே வாங்கும். ரிசீவரில் சிக்னல் ஸ்ட்ரெங்த் ஏராளமாகக் காட்டும், குவாலிட்டி மட்டும் ஏறவே ஏறாது.

உங்கள் சாட்டிலைட்டுக்கு இருபுறமும் 3 டிகிரிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பட்டியலில் பாருங்கள். இருந்தால், பீம் எவ்வளவு பலமாக இருந்தாலும் 75 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். 2 டிகிரியில் இருந்தால் 90 வையுங்கள். சி பேண்டில் அலை மூன்று மடங்கு நீளம் என்பதால் டிஷ்ஷும் மூன்று மடங்கு வேண்டும்: 6 அடி டிஷ்ஷுக்கு சி பேண்டில் இருக்கும் பார்வை, 2 அடி டிஷ்ஷுக்குக் கேயூவில் இருக்கும் அதே 3 டிகிரிதான்.

டிஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்ப்பது

கேயூ பேண்டுக்கு விற்பவை பெரும்பாலும் ஆஃப்செட் டிஷ்கள். எல்என்பி கீழே இருந்து நீளும் கையில் உட்கார்ந்திருக்கும், முகத்தை மறைக்காது. இவை அகலத்தைவிட உயரம் கொஞ்சம் கூடுதலாக, முட்டை வடிவில் இருக்கும். விற்கும்போது சிலர் பெரிய அளவைச் சொல்வார்கள். கணக்குக்கு உதவுவது அகலம். டேப்பை வைத்துக் குறுக்கே அளந்து பாருங்கள்.

அளவைப் போலவே வடிவமும் முக்கியம். கேயூ பேண்டில் பரப்பு ஒன்றரை மில்லிமீட்டர் நெளிந்தாலே சிக்னல் சிதறத் தொடங்கும். நெளிந்த 120 நேரான 90க்குத் தோற்றுப்போகும். பழைய டிஷ் வாங்குவதானால் இதைச் செய்து பாருங்கள்: விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு நூல், இடமிருந்து வலமாக ஒரு நூல், இரண்டையும் விறைப்பாகக் கட்டுங்கள். அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று லேசாகத் தொட வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றொன்றை அழுத்தி வளைத்தாலோ டிஷ் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம்.

வலை டிஷ்ஷா, தகடு டிஷ்ஷா? வலையின் ஓட்டை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். சி பேண்டுக்கு 7 மி.மீ. வரை பரவாயில்லை, கேயூவுக்கு 2.5 மி.மீ.க்கு மேல் கூடாது. 1975-76இல் ஏடிஎஸ்-6 சாட்டிலைட் வழியாக இந்தியக் கிராமங்களுக்கு டிவி காட்டியபோது கோழி வலையில் செய்த 3 மீட்டர் டிஷ்களை வைத்தார்கள். அதன் அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 35 செ.மீ.; அதற்குக் கோழி வலையே போதுமானதாக இருந்தது. இன்று சி பேண்ட் மட்டும் போதும் என்றால் வலை டிஷ் தாராளமாக வாங்கலாம், காற்றுக்கும் கொஞ்சம் வழிவிடும். கேயூவும் வேண்டுமென்றால் தகடுதான்.

எல்என்பியைப் பற்றி சுருக்கமாக. 0.1 டிபி என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல எல்என்பிக்கும் சுமாரானதற்கும் தெளிந்த வானத்தில் ஒரு டிபிகூட வித்தியாசம் வராது. மழையில் அதுவும் கரைந்துவிடும். டிஷ்ஷுக்கும் எல்என்பிக்கும் ஜோடி சேர வேண்டும் என்பதுதான் முக்கியம். ஆஃப்செட் டிஷ்ஷுக்கான எல்என்பியை நடுவில் எல்என்பி நிற்கும் ஆழமான டிஷ்ஷில் மாட்டினால், அது டிஷ்ஷின் நடுப்பகுதியை மட்டும் பார்க்கும். 6 அடி வாங்கி 4 அடியின் பலனை அனுபவிப்பீர்கள்.

ஒரே டிஷ்ஷில் இரண்டு சாட்டிலைட்

இரண்டு எல்என்பி வைத்து இரண்டு சாட்டிலைட்டைப் பிடிக்க நினைத்தால், அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள், அளவு மாறும். நடுவில் இல்லாத எல்என்பிக்குச் சிக்னல் கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்ட டிஷ் ஒரு படி பெரிதாக வேண்டும். பலவீனமான சாட்டிலைட்டை நடுவில் வைத்து, பலமானதை ஓரத்துக்குத் தள்ளுங்கள். இடமும் ஒரு பிரச்சினை. 90 செ.மீ. ஆஃப்செட் டிஷ்ஷில் 6 டிகிரி இடைவெளி உள்ள இரண்டு சாட்டிலைட்டுக்கு எல்என்பிகளின் நடுப்புள்ளிகள் ஏறக்குறைய ஐந்தரை செ.மீ. தள்ளி வரும், அதாவது இரண்டு தலைகளும் உரசிக்கொண்டு நிற்கும். 3 டிகிரி என்றால் சாதாரண எல்என்பிகள் இரண்டு அங்கே உட்காரவே முடியாது. அதற்கென்றே ஒரே உடலில் இரண்டு தலையோடு வரும் மோனோபிளாக் வாங்க வேண்டும், அல்லது இன்னொரு டிஷ்.

எங்கே நிற்கப் போகிறது?

அளவைத் தீர்மானித்தாயிற்று, ஆனால் வாங்குவதற்கு முன் மாடிக்குப் போய் ஒரு முறை பாருங்கள். சாட்டிலைட் இருக்கும் திசையில் மரமோ கட்டடமோ குறுக்கே இருந்தால் எந்த அளவு டிஷ்ஷும் உதவாது. இலை கூட சிக்னலைத் தின்னும், ஈர இலை இன்னும் அதிகமாக. இன்று தென்னங்கன்றாக நிற்பது நான்கு வருடத்தில் எங்கே வரும் என்றும் யோசியுங்கள்.

அடுத்து காற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் 60 செ.மீ. டிஷ்ஷின் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 16 கிலோ எடை. 90க்கு 36 கிலோ, 120க்கு 64 கிலோ, 6 அடி தகடு டிஷ்ஷுக்கு 140 கிலோவையும் தாண்டும். கைப்பிடிச் சுவரில் இரண்டு போல்ட் அடித்து 4 அடி டிஷ்ஷைத் தொங்கவிடுவது ஆபத்து. கீழே ஆள் நடமாட்டம் இருந்தால் இன்னும் ஆபத்து. 4 அடிக்கு மேல் போனால் தளத்தில் கான்கிரீட் பீடம் போட்டு, அல்லது தரையில் குழாய் நட்டு வையுங்கள்.

பெரிய டிஷ்ஷின் பார்வை குறுகலானது என்று சொன்னேன். அதை இங்கே சேர்த்துப் பாருங்கள். 5 செ.மீ. விட்டக் குழாயில் கிளாம்ப் அரை மில்லிமீட்டர் நழுவினால், டிஷ் ஒரு டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். 60 செ.மீ.யில் அது சின்ன இழப்பு. 120 செ.மீ.யில் அது பாதி சிக்னலுக்கும் மேல். ஆடும் குழாயில் வைத்த 120ஐவிட உறுதியாக நிற்கும் 90 நல்ல படம் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழாய் ரசமட்டத்துக்கு நேராக நிற்கட்டும், போல்ட்டை இறுக்கும்போது ரிசீவரின் குவாலிட்டியைப் பார்த்துக்கொண்டே மாற்றி மாற்றி இறுக்குங்கள். கடைசிச் சுற்றில்தான் டிஷ் நகரும்.

மாட்டிய பிறகு போதுமா என்று தெரிந்துகொள்வது

ரிசீவரில் ஸ்ட்ரெங்த்தை விட்டுவிட்டு குவாலிட்டியைப் பாருங்கள். அதிலும் டிபியில் காட்டும் ரிசீவர் கிடைத்தால் நல்லது. வட்டம் போட்ட அந்த சேனலுக்கு வந்து, வெயில் நேரத்தில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தேவையான அளவைவிட 4 டிபி மேலே இருந்தால் திருப்தியாக இருக்கலாம். மழை அதிகமான இடத்தில் ஆறு இருந்தால் நல்லது.

குறைந்தால் உடனே பெரிய டிஷ் வாங்க ஓடாதீர்கள். தெளிந்த வானத்திலேயே எல்லா சேனலும் குறைவாக வந்தால், பெரும்பாலும் டிஷ் சரியாகத் திரும்பவில்லை. ஒரு போலரைசேஷன் மட்டும் மோசமென்றால் எல்என்பியின் ஸ்கியூவை (அது தன் பிடிக்குள் சுழன்று நிற்கும் கோணத்தை) மாற்றிப் பாருங்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் படம் போனால், சூரியன் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. எல்லோருக்கும் போகும், தானாகச் சரியாகும். வெயிலில் எல்லாம் நன்றாக வந்து லேசான தூறலுக்கே படம் உடைந்தால், அப்போதுதான் டிஷ் சிறியது. அடுத்த அளவுக்குப் போங்கள். இடி மின்னலோடு கொட்டும்போது மட்டும் பத்து நிமிடம் போகிறது என்றால், டிஷ்ஷை அப்படியே விட்டுவிடுங்கள்; அந்த நேரத்தில் பெட்டியை அணைத்து பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான் சரி.